உயிர்மீட்பு வாக்குறுதியை யார் நிறைவேற்றுவது? கிரையோனிக்ஸ் ஒப்பந்தங்களும் பணமும்

கூதிர் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, பெர்லினில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள கிரையோனிக்ஸ் நிறுவனம் ஒன்றில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிரையோனிக்ஸ் என்பது, பின்னொரு காலத்தில் உயிர்மீட்கலாம் என்ற நம்பிக்கையில் இறந்தவரின் உடலைக் கடுங்குளிரில் உறையவைத்துப் பாதுகாப்பது. முழு உடலைப் பாதுகாக்க 2,00,000 யூரோ. அவ்வளவு பணம் கையில் இல்லை. பெரும்பாலோரைப் போல ஆயுள் காப்பீடு எடுத்து அதை எழுதிவைப்பதுதான் வழி. உடல் சுவிட்சர்லாந்தின் ராஃப்ஸ் என்ற ஊரில், ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கும்.

உறையவைத்த மூளை மீளுமா என்ற சண்டை இந்த இழையில் வேண்டாம். மீளும் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். என் சந்தேகம் தாள்களைப் பற்றியது. இந்தத் துறையில் புழங்கும் ஒப்பந்தங்கள் சிலவற்றை வாசித்தேன். எப்படிக் குளிர்விப்பது, எங்கே வைப்பது, காப்பீடு காலாவதியானால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விதிகள். எழுப்புவதைப் பற்றி ஒரே ஒரு பத்தி! அந்தப் பத்தி யாரைக் கட்டுப்படுத்துகிறது? எழுப்பும் செலவுக்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

ஐந்தொகை

கணக்காளன் என்ற முறையில் பணத்தை மட்டும் சொல்கிறேன். பொதுவெளியில் தெளிவாகக் கிடைப்பது அமெரிக்காவில் அரிசோனாவின் அல்கார் என்ற கிரையோனிக்ஸ் நிறுவனத்தின் கட்டணப் பிரிப்பு. முழு உடலுக்கு 2,00,000 டாலர் வாங்கிய காலத்தில் அதில் 60,000 உறையவைக்கும் வேலைக்கு, 25,000 மரணப் படுக்கையருகே குழுவை நிறுத்திவைக்கும் நிதிக்கு, மீதி 1,15,000 நோயாளர் பராமரிப்பு அறக்கட்டளைக்கு (உறையவைத்தவர்களைத்தான் நோயாளர் என்கிறார்கள்). தலையை மட்டும் பாதுகாக்க 80,000. அதில் அறக்கட்டளைக்குப் போவது 25,000. அந்த அறக்கட்டளை 1997இல் தனியாக ஏற்படுத்தப்பட்டது. நிறுவனம் அன்றாடச் செலவுக்கு அதில் கைவைக்கக் கூடாது என்பதே நோக்கம்.

1,15,000இலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு எடுத்தால் 2,300 டாலர். உடலைத் திரவ நைட்ரஜனில் வைக்கும் டியூவர் கலனுக்கு (பிளாஸ்க் போன்ற வெற்றிடச் சுவர்க் கலன்) மின்சாரம் தேவையில்லை. ஆவியாகிப்போகும் திரவ நைட்ரஜனை ஈடுசெய்தால் போதும். ஒரு பெரிய கலனில் நான்கு முழு உடல்களும் கூடவே சில தலைகளும் அடங்கும். ஆகவே அந்தத் தொகை நம்ப முடியாத ஒன்றல்ல. பணவீக்கம் போக முதலீடு 2 விழுக்காடு ஈட்டும்வரை முதல் அப்படியே நிற்கும். 1 விழுக்காடுதான் ஈட்டுகிறது என்றால் ஏறத்தாழ 70 ஆண்டுகளில் கணக்கு பூச்சியம்.

கவனியுங்கள்: இதுவரை நான் சொன்ன ஒவ்வொரு டாலரும் வைத்திருப்பதற்கானது. எழுப்புவதற்கென்று தனி வரிசை இல்லை. பராமரிப்பு அறக்கட்டளையில் மிச்சம் இருந்தால் அதிலிருந்து என்பதுதான் நிலை.

வடகரை

சுருக்கமாகச் சொன்னால், பிணவறைக்கு நிரந்தர வாடகை. இதற்கு உயிர்மீட்பு என்று பெயர்.

கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியுமா? தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் நெல்சன் என்பவர் அங்குள்ள கிரையோனிக்ஸ் சங்கத்தின் தலைவரானார். உடல்களை ஒரு நிலத்தடி அறையில் கலன்களில் வைத்தார். உறவினர்கள் ஆண்டுதோறும் பணம் கட்டுவதாக ஏற்பாடு. முதல் ஆண்டு கண்ணீரோடு கட்டுவார்கள், ஐந்தாம் ஆண்டு கடிதத்துக்கே பதில் வராது. பணம் நின்றது, நைட்ரஜன் தீர்ந்தது, ஒன்பது உடல்கள் கெட்டழிந்தன. இது நடந்தது 1970களில். 1981இல் வழக்கில் உறவினர்களுக்குப் பெருந்தொகை இழப்பீடு தீர்ப்பானது. எந்த ஒப்பந்தம் அந்த ஒன்பது பேரைக் காப்பாற்றியது?

ஏரிக்கரையாள்

வடகரை அண்ணா சொல்லும் அந்தக் கதையால்தான் இன்று பெரிய நிறுவனங்கள் தவணைப் பணத்தை நம்பி உடலை ஏற்பதில்லை. முழுத்தொகையும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். அந்தப் பாடத்தை இந்தத் துறை படித்துவிட்டது.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே கிளிண்டன் டவுன்ஷிப்பில் இருக்கும் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டை 1976இல் ராபர்ட் எட்டிங்கரும் மற்றவர்களும் தொடங்கினார்கள். ஆயுள் உறுப்பினருக்குக் கட்டணம் 28,000 டாலர், அன்றும் இன்றும். எட்டிங்கரே 2011இல் இறந்தபோது அங்கேதான், தாயும் இரண்டு மனைவியரும் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்த இடத்தில், சேர்ந்தார். தன் குடும்பத்தையே உள்ளே வைத்த ஆள் நடத்திய நிறுவனம் என்பது எனக்குப் பெரிய உறுதி.

ஐந்தொகை

ஏரிக்கரையாள் அம்மா, மரியாதையோடு ஒரு கேள்வி. 1976இன் 28,000 டாலர் இன்றைய விலைவாசியில் ஒன்றரை லட்சத்தைத் தொடும். அதாவது உண்மை மதிப்பில் கட்டணம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. கலன் செலவைக் குறைத்தார்கள், மரணப் படுக்கையருகே நிற்கும் குழுவும் போக்குவரத்தும் அந்தத் தொகையில் சேராது, சில உறுப்பினர்கள் நன்கொடையும் உயிலும் கொடுத்தார்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் விலை ஏறாததை நான் பெருமையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் எதிர்காலத்தை விற்பவர் அதை மலிவாக விற்றால் எனக்குப் பயம்தான் வரும்.

அல்காருக்கு இதன் மறுபக்கச் சிக்கல். அங்கே குறைந்தபட்சத் தொகை அவ்வப்போது ஏறியது. பழைய தொகைக்குக் காப்பீடு எடுத்த மூத்த உறுப்பினர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, புதிய காப்பீடு கிடைக்காது. அவர்களைக் கைவிடுவதா, மற்றவர்கள் சுமப்பதா? கூதிர், நீங்கள் இன்று 2,00,000 யூரோவுக்கு எழுதிவைத்து நாற்பது ஆண்டு கழித்து இறந்தால் நீங்களும் அந்த மூத்த உறுப்பினர்தான். காப்பீட்டுத் தொகை பணவீக்கத்தோடு ஏறும்படி எடுங்கள்.

பிராது

சென்னையில் வழக்கறிஞராக இருக்கிறேன். அறக்கட்டளை வழக்குகள் என் அன்றாட வேலை. கூதிர் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் இது எப்படி நிற்கிறது என்றால், உடல் நிறுவனத்துக்குத் தானமாகக் கொடுக்கப்படுகிறது. மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் செய்வதற்கான அதே சட்டம். ஐயோவா மாநிலத்தில் ஒரு முதியவர் 2004இல் அல்காரில் சேர்ந்து 53,500 டாலரை ஒரே தவணையில் கட்டினார். 2009 பிப்ரவரியில் இறந்தபோது உடன்பிறந்தவர்கள் நிறுவனத்துக்குச் சொல்லாமல் புதைத்துவிட்டார்கள். அல்கார் வழக்குப் போட்டது, கீழ் நீதிமன்றத்தில் தோற்றது, 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடலைத் தோண்டியெடுக்க ஒத்துழைக்கும்படி உறவினர்களுக்கு உத்தரவிட்டது. உடல்தானச் சட்டம்தான் அந்தத் தீர்ப்பின் அடித்தளம்.

இதை கிரையோனிக்ஸ் ஆட்கள் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். எனக்கோ அதன் மறுமுனைதான் கண்ணில் படுகிறது. தானம் கொடுத்தவன் தானத்தைத் திரும்பக் கேட்க முடியாது. இறந்தவனுக்குச் சட்டத்தில் ஆளுமை கிடையாது. நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால் வழக்குத் தொடுக்க வேண்டியவர் யார்? வாரிசுகளா? அவர்களுக்கு அந்த 2,00,000 போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல்தான் இருக்கும். ஐயோவாவில் வழக்குப் போட நிறுவனம் இருந்தது. நிறுவனமே எதிராளியாக நிற்கும் நாளில் வழக்குப் போட ஆளில்லை.

அல்கார் ஒப்பந்தத்தில் எழுப்புவது பற்றிய வாசகத்தின் சாரம் இதுதான்: எழுப்ப முயல்வது உறுப்பினரின் நலனுக்கு உகந்தது என்று நிறுவனம் தன் நல்லெண்ணத்தில் முடிவுசெய்யும்போது முயலும், உறுப்பினர் எழுதிவைத்த விருப்பங்களை இயன்றவரை பின்பற்றும். காலக்கெடு இல்லை, செலவு வரையறை இல்லை, முடிவை யாரும் கேள்வி கேட்க வழியில்லை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நாணயமான மனிதர்கள், தங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி எழுதினால் இப்படித்தான் எழுத முடியும். ஆனால் நீதிமன்றத்தில் அது வெறும் நல்வாழ்த்து.

கூதிர்

நன்றி பிராது அண்ணா. இதைவிட எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நூறு ஆண்டு கழித்து எழுப்பும் நுட்பம் வந்துவிட்டது, செலவு கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். என்னை எழுப்பினால் என் பெயரில் இருக்கும் முதல் கரையும். எழுப்பாமல் "இன்னும் பத்து ஆண்டு பொறுத்தால் பாதுகாப்பாக இருக்கும்" என்றால் முதல் வளரும், அறங்காவலருக்குச் சம்பளமும் தொடரும். நல்லெண்ணம் உள்ளவருக்கே அந்தப் பத்து ஆண்டு எப்போதும் நியாயமாகத் தோன்றுமே!

வடகரை

அட, இப்போதுதான் உருப்படியான பேச்சு வருகிறது.

ஐந்தொகை

கூதிர் சொல்வது சரியான ஓட்டை. இதை அடைக்கத்தான் பணக்கார உறுப்பினர்கள் தனி உயிர்மீட்பு அறக்கட்டளை ஏற்படுத்துகிறார்கள். லிச்டென்ஸ்டைனில் இதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அரிசோனா போன்ற மாநிலங்களில் வங்கிகள் மூலமும் செய்கிறார்கள். பணம் ஒரு கை, உடல் வேறொரு கை. எழுப்பிய பிறகுதான் எழுப்பியவருக்குப் பணம். தச்சனுக்குக் கதவை மாட்டிய பிறகு கூலி கொடுப்பதுபோல.

கூட்டுவட்டி மயக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். 10,000 யூரோ, பணவீக்கம் போக 3 விழுக்காடு, 200 ஆண்டு: 36 லட்சத்துக்கும் மேல். அதே 10,000, நிர்வாகக் கட்டணமும் வரியும் சேர்ந்து 2 விழுக்காட்டைத் தின்று 1 மட்டும் மிஞ்சினால் 200 ஆண்டில் 73,000. வித்தியாசம் முழுவதும் இடையில் இருப்பவர்களின் பையில்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1790இல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா இரண்டு நகரங்களுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு, 200 ஆண்டுத் திட்டத்தோடு விட்டுச்சென்றார். இளம் தொழிலாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் கடன் கொடுத்து வளர்க்க வேண்டும். 1990இல் திறந்து பார்த்தபோது பாஸ்டனின் தொகை பிலடெல்பியாவினுடையதைப் போல இருமடங்கு. ஒரே முதல், ஒரே உயில், ஒரே நாடு. காவலர்தான் வேறு.

கல்வெட்டுக்காரன்

இழைக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இறந்தவன் வைத்த பணத்தைக் கொண்டு உயிரோடிருப்பவர்களை என்றென்றும் வேலைவாங்குவது எப்படி என்பது நம் ஊர்க் கோயில்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கையாண்ட சிக்கல். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள், நாள்தோறும் உழக்கு நெய். அவை "சாவா மூவாப் பேராடு": கிழடு செத்தால் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையை 96 ஆகவே வைத்திருக்க வேண்டும். பணவீக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆடுகளை ஏற்ற இடையர்களின் பெயர், அவர்களுக்குப் பிணை நின்ற உறவினர்களின் பெயர் எல்லாம் கல்லில். நிறுவனம் கவிழ்ந்தால் கூதிருக்குப் பிணை நிற்பவர் யார்?

வடகரை

கல்வெட்டு ஐயா, அந்த 96 ஆடுகளின் வழிவந்த ஆடுகள் இப்போது எந்தக் காட்டில் மேய்கின்றன என்று சொன்னால் நானும் நாளைக்கே கிரையோனிக்ஸில் சேர்ந்துவிடுகிறேன்.

கல்வெட்டுக்காரன்

மேயவில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த் கலன்களைவிடப் பல தலைமுறை அதிகம் மேய்ந்தன.

பிராது

இருவரும் சிரிக்கிறீர்கள், ஆனால் முக்கியமான வேறுபாடு இதில் இருக்கிறது. விளக்கு தினமும் எரிய வேண்டும். ஒரு நாள் அணைந்தாலும் பூசகர் பார்ப்பார், ஊர் பார்க்கும், இடையனைக் கேட்கலாம். நைட்ரஜன் நிரப்புவதும் அந்த வகைக் கடமை. அளந்து பார்க்கலாம், தணிக்கை செய்யலாம். எழுப்புவது அப்படியல்ல. எந்த நாளில் கடமை தவறியது என்று சுட்ட முடியாத கடமை அது. தவறிய நாளைக் காட்ட முடியாவிட்டால் வழக்கே எழாது.

அடுத்தது, காலம். பழைய ஆங்கிலச் சட்டத்துக்கு இறந்தவன் சொத்தை என்றென்றும் கட்டிப்போடுவது பிடிக்காது. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 14ஆம் பிரிவு அதே வழி: உயிரோடிருப்பவரின் ஆயுள், அதற்குமேல் ஒரு குழந்தை மேஜராகும் காலம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2009 சட்டப்படி 125 ஆண்டு. அமெரிக்க மாநிலங்களோ பணத்தைத் தங்கள் பக்கம் இழுப்பதற்காக ஒன்றையொன்று முந்தின. தெற்கு டகோட்டா 1983இல் வரம்பையே எடுத்துவிட்டது. புளோரிடா 360 ஆண்டு என்று வைத்துப் பிறகு 1,000 ஆக்கியது. உயிர்மீட்பு அறக்கட்டளைகள் அங்கே ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான். பயனாளி இல்லாமல் அறக்கட்டளை நிற்காது என்பதால் இடைக்காலத்தில் ஆராய்ச்சிக்கோ உறவினருக்கோ ஏதாவது போய்க்கொண்டிருக்கும்படி எழுதுவார்கள்.

ஆனால் சட்டம் ஆயிரம் ஆண்டு அனுமதித்தாலும் மனிதர்கள் விடமாட்டார்கள். லண்டன் வணிகர் பீட்டர் தெலுசன் 1797இல் இறந்தபோது ஏறத்தாழ 6,00,000 பவுண்டை அப்போது உயிரோடிருந்த மகன்கள், பேரன்கள் எல்லோரும் இறக்கும்வரை தொடாமல் குவிக்கச் சொன்னார். வட்டி வளர்ந்து நாட்டையே விழுங்கிவிடும் என்று பயந்து நாடாளுமன்றம் 1800இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. 1859இல் பிரபுக்கள் அவையில் வழக்கு முடிந்தபோது, நிர்வாகமும் வழக்குச் செலவும் போக, கிடைத்தது ஆரம்பத்தில் இருந்ததைவிட அதிகம் என்று சொல்லும்படி இல்லை. வழக்கறிஞர்கள் சாப்பிட்டார்கள். என் தொழில்தான், மறுக்கவில்லை.

ஏரிக்கரையாள்

எல்லோரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜேம்ஸ் பெட்ஃபோர்டைப் பாருங்கள். 1967 ஜனவரி 12 அன்று உறையவைக்கப்பட்ட முதல் மனிதர். அந்தக் காலத்தில் வைக்கப்பட்டவர்களில் இன்றும் உறைநிலையில் இருப்பவர் அவர் ஒருவரே. கிரையோனிக்ஸுக்காக அவர் விட்டுச்சென்றது 1,00,000 டாலர். மற்ற உறவினர்கள் தொடுத்த வழக்கைச் சமாளிக்கவே மனைவிக்கும் மகனுக்கும் அதற்குமேல் செலவானது. இருந்தும் விடவில்லை. இடம் இடமாக மாற்றிக் காப்பாற்றி 1982இல் அல்காரிடம் ஒப்படைத்தார்கள். அவரைக் காத்தது நிதியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பிடிவாதமான குடும்பம்.

வடகரை

குடும்பம் என்றதும் நினைவு வருகிறது. 2021 செப்டம்பரில் ரஷ்யாவின் கிரியோரஸ் நிறுவனத்தில் என்ன நடந்தது? நிறுவனர்களான முன்னாள் கணவன் மனைவிக்குள் தகராறு; ஒரு தரப்பு லாரியும் பளுதூக்கியும் கொண்டுவந்து உடல்களோடு கலன்களையே ஏற்றிக்கொண்டு கிளம்ப, போலீஸ் வழியில் நிறுத்தியது. உள்ளே இருந்தவர்களின் ஒப்பந்தத்தில் "எங்களுக்குள் மணமுறிவு ஏற்பட்டால்" என்றொரு பிரிவு இருந்திருக்குமா?

வெண்பனி

இழையை அமைதியாக வாசித்துவந்தேன். ஒன்று விடுபட்டிருக்கிறது. எழுப்பிய மறுநாள்? 2016இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கு வந்தது. தாய் ஆதரவு, தந்தை எதிர்ப்பு. தாய்வழித் தாத்தா பாட்டி 37,000 பவுண்டு திரட்டியிருந்தார்கள். உடலை யார் பொறுப்பில் விடுவது என்பதைத் தாயே முடிவுசெய்யலாம் என்று நீதிபதி பீட்டர் ஜாக்சன் தீர்ப்பளித்தார். கிரையோனிக்ஸ் சரியா தவறா என்று தான் தீர்மானிக்கவில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். தந்தையின் வாதம்தான் என் மனத்தில் நிற்கிறது. 200 ஆண்டு கழித்து எழுந்தால் உறவினர் ஒருவரும் இல்லாத அந்நிய நாட்டில், எதுவும் நினைவில்லாமல், 14 வயதுப் பெண் என்ன செய்வாள் என்று கேட்டார். இதற்கு எந்த ஒப்பந்தத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்? தங்க இடம், மொழி, தொழில், பாதுகாவலர்?

எழுந்தது நான்தான் என்று அறங்காவலரை நம்பவைப்பது எப்படி என்பதும் இருக்கிறது. தலை மட்டும் வைத்தவருக்குப் புதிய உடல் கொடுத்தால் கைரேகை ஒத்துப்போகாது. மூளையைப் படியெடுத்து இரண்டு பேர் எழுந்தால் பணம் யாருக்கு?

பிராது

இரண்டாவதற்கு அறக்கட்டளை ஆவணத்திலேயே வரையறை எழுத வேண்டும், இல்லையென்றால் தெலுசன் கதைதான். முதலாவதை இதுவரை என்னிடம் யாரும் எழுதச் சொன்னதில்லை, நல்ல கேள்வி.

கூதிர் தம்பி, உங்களுக்கு என் யோசனை. எழுப்புவோம் என்ற வாக்குறுதியைக் கடுமையாக்கும்படி கேட்காதீர்கள், கிடைக்காது. கிடைத்தாலும் பயனில்லை. உங்கள் சார்பில் வழக்குத் தொடுக்கும் உரிமை யாருக்கு என்று கேளுங்கள். உடலை வைத்திருக்கும் அறக்கட்டளைக்கும் பணத்தை வைத்திருப்பவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளுக்கு அந்த உரிமையை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்: ஆண்டுத் தணிக்கையைப் பார்க்க, நிறுவனம் நொடித்தால் உடலை வேறிடத்துக்கு மாற்ற, எழுப்புவதை ஒத்திப்போடும் முடிவுக்கு எழுத்தில் காரணம் கேட்க. அவருக்குப் பின் யார் என்பதையும் எழுத வேண்டும். உள்ளே சொந்த உறவினர் இருப்பவர்களாகப் பார்த்து அந்த வரிசையை அமைத்தால் நல்லது.

கூதிர்

மூன்றாவது ஆள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கிறேன். என் தங்கை மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஆர்வம் இருந்தால் அவளிலிருந்து வரிசையைத் தொடங்கலாம்.

வடகரை

பதினொரு வயதுக் குழந்தையிடம் "மாமாவின் தலைக்கு நீதான் காவல்" என்று சொல்லப்போகிறீர்களா? உங்கள் தங்கையிடம் முதலில் கேளுங்கள்.

ஐந்தொகை

காப்பீட்டைப் பற்றி மட்டும் ஒன்று, அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முகவர்கள் முதலில் காட்டுவது குறைந்த தவணையில் வரும் காலவரைக் காப்பீடு. குறிப்பிட்ட வயதோடு அது முடிந்துவிடும். எழுபத்தைந்து வயதில் காப்பீடு முடிந்து எழுபத்தாறில் நீங்கள் இறந்தால் நிறுவனத்துக்கு ஒரு யூரோகூட வராது, அதுவரை கட்டியதும் போய்விடும். ஆயுள் முழுவதற்குமான பாலிசியா என்று பாருங்கள். பயனாளியாக நிறுவனத்தின் பெயரா, உடலை வைத்திருக்கும் அறக்கட்டளையின் பெயரா, எது எழுதப்படுகிறது என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். நிறுவனம் நொடித்தால் அந்தப் பணம் கடன்காரர்களிடம் போகுமா போகாதா என்பது அதைப் பொறுத்தது.

கூதிர்

என்னிடம் இருக்கும் வரைவில் ஒப்பந்தம் நிறுவனத்தோடு, உடலை வைத்திருக்கும் பொறுப்பு அறக்கட்டளையோடு. பயனாளி யார் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. திங்கட்கிழமை கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.